ஊட்டிக் குளிரை நம்பி கணினிக்குக் கூலர் தேர்ந்தெடுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி திறக்கும் நேரம் வந்தாலே நீலகிரியில் பல வீடுகளில் டெஸ்க்டாப் கணினி வாங்கும் பேச்சு தொடங்கிவிடும். சிலர் கோவைக்குப் போய் அசெம்பிள் செய்து எடுத்து வருகிறார்கள். சிலர் பாகங்களை ஆன்லைனில் வரவழைத்து இங்கேயே பூட்டிக்கொள்கிறார்கள். எப்படி வாங்கினாலும், கணினியின் மூளையான ப்ராசஸரைக் குளிர்விக்கும் கூலரைப் பற்றிக் கடைக்காரர்கள் சொல்லும் ஒரு பேச்சு மட்டும் மாறுவதில்லை: "நீங்க ஊட்டிக்காரங்க, உங்களுக்கு எதுக்குங்க பெரிய கூலர்? அங்க எப்பவும் ஏசி போட்ட மாதிரிதானே இருக்கு?" இன்னொரு பக்கம், குளிர் சும்மா கிடைக்கிறதே என்று ப்ராசஸரை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டி, அதாவது ஓவர்கிளாக் செய்து, தள்ளும் இளைஞர்கள். இரண்டு தரப்பும் பாதிக் கணக்கோடு நின்றுவிடுகின்றன. மீதிக் கணக்கை உங்கள் நாளிதழ் வழியாக மலைவாழ் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மீதிக் கணக்கு என்பது காற்று. சிபியு கூலர் ப்ராசஸர் சிப்பில் பிறக்கும் வெப்பத்தைச் செம்புக் குழாய்கள் வழியாக அலுமினியத் தகடுகளுக்குக் கொண்டுபோய், அங்கே ஓடும் காற்றிடம் ஒப்படைக்கிறது. ஒரு ஃபேன் எந்த ஊரில் சுற்றினாலும் ஏறக்குறைய ஒரே கன அளவு காற்றைத்தான் தள்ளும். ஆனால் வெப்பத்தை வாங்கிக்கொண்டு போவது காற்றின் எடை. உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 76 சதவீதம்தான். குன்னூரில் 80, கூடலூரில் 88, பழனி மலையில் கொடைக்கானலில் 77 என்று வரும். கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே வந்ததும் உப்பிக்கொள்வது இதனால்தான். குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி கொஞ்சம் கூடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால்கூட, 16 டிகிரி ஊட்டிக் காற்றின் எடை 33 டிகிரி சென்னைக் காற்றில் 80 சதவீதத்தைத்தான் தொடுகிறது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். சென்னையில் அறை வெப்பம் 33 டிகிரி. முழுச் சுமையில் ப்ராசஸர் அதற்கு மேல் 50 டிகிரி ஏறி 83இல் நிற்கிறது என்று கொள்வோம். அந்த 50இல் பாதி சிப்புக்கும் கூலரின் அடித்தட்டுக்கும் இடையே ஏறுவது. உயரம் அதைத் தொடாது. மற்ற பாதி தகட்டுக்கும் காற்றுக்கும் இடையே ஏறுவது. மெல்லிய காற்றில் அந்த 25, 29 அல்லது 30 ஆகிவிடும். ஆக அதே கணினி 16 டிகிரி ஊட்டி அறையில் 66க்கு இறங்காது. 70, 71இல் நிற்கும். அறைக்கு அறை உள்ள 17 டிகிரி வித்தியாசத்தில் நம் கைக்கு வருவது 12, 13தான். குளிரால் லாபம் உண்டு. ஆனால் கடைக்காரர் நினைக்கிற அளவுக்கு இல்லை.

சர்வர் அறைகளை வடிவமைப்பவர்கள் இதை எப்போதோ விதியாக்கிவிட்டார்கள். குளிர்சாதனப் பொறியாளர்களின் அமெரிக்க அமைப்பான ஆஷ்ரே, பொதுவான சர்வர் வகைகளுக்கு 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச அறை வெப்பத்தில் 1 டிகிரி குறைக்கச் சொல்கிறது. ஊட்டிக்குக் கணக்கிட்டால் நாலரை டிகிரி. மேலே சொன்ன கணக்கும் அதை ஒட்டியே வருகிறது. வீட்டுக் கணினி வாங்குபவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் குறை.

சரி, எந்தக் கூலர் வாங்குவது? ஊரின் தட்பவெப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் ப்ராசஸர் எத்தனை வாட் தின்கிறது என்று பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பினால் போதாது. இன்டெல் கோர் ஐ5-12400எஃப் பெட்டியில் 65 வாட் என்றிருக்கும். அதன் டர்போ உச்சம் 117 வாட் என்று இன்டெல்லே குறிப்பிடுகிறது. ஐ5-13600கே 125 வாட், உச்சம் 181. ஐ7-14700கே உச்சத்தில் 253 வாட் வரை போகும். ஏஎம்டியில் ரைசன் 5 7600க்கு 65 வாட் என்றாலும் மதர்போர்டில் ப்ராசஸர் அமரும் சாக்கெட் வழியாக 88 வாட் வரை எடுக்கும். 7600எக்ஸ், 7700எக்ஸ் இரண்டும் 105 வாட் என்று எழுதப்பட்டு 142 வரை எடுக்கும். கூலரின் தகுதியை இந்த உச்ச எண்ணோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ப்ராசஸரோடு இலவசமாக வரும் சிறு கூலர்தான் மலையில் முதலில் திணறும். அதன் தகடு சிறியது; ஃபேன் சமவெளியிலேயே முழு வேகத்துக்குப் பக்கத்தில் ஓடுவது. இங்கே அதே எடைக் காற்றைத் தள்ள 20 முதல் 25 சதவீதம் கூடுதல் வேகம் வேண்டும். அந்த மிச்சம் அதனிடம் இல்லை. அலுவலக வேலைக்கும் பாடத்துக்கும் 12400எஃப் மாதிரியான சிப் என்றால் இலவசக் கூலரே ஓட்டிவிடும், சத்தம் மட்டும் கூடும். கேம், வீடியோ எடிட்டிங் என்று மணிக்கணக்கில் முழுச் சுமை கொடுப்பவர்கள் நான்கு ஹீட்பைப்பும் (வெப்பம் கடத்தும் செம்புக் குழாய்) ஒரு 120 மி.மீ. ஃபேனும் உள்ள, நிமிர்ந்து நிற்கும் டவர் கூலர் வாங்கிக்கொள்ளலாம். டீப்கூல் ஏகே400 இந்த ரகம். 140 வாட்டைத் தாண்டும் சிப்புக்கு ஆறு ஹீட்பைப், இரண்டு ஃபேன் உள்ள இரட்டை டவர் வேண்டும். தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ, டீப்கூல் ஏகே620 ஆகியவை இதில் சேரும். 180 வாட்டுக்கு மேல் நாள் முழுக்க ஓட்டுபவர்கள் மிகச் சிலர். அவர்களுக்குத்தான் தண்ணீரைச் சுற்றவிட்டுக் குளிர்விக்கும் பெரிய லிக்விட் கூலர் பற்றிய பேச்சே தேவை.

லிக்விட் கூலர் வாங்கினால் மெல்லிய காற்றிலிருந்து தப்பித்துவிடலாம் என்று சிலர் நம்புகிறார்கள். தண்ணீர் வெப்பத்தை ரேடியேட்டர் வரைதான் சுமக்கும். அங்கே அதை வாங்கிக்கொள்வது அதே காற்று. ரேடியேட்டரின் தகடுகள் நெருக்கமானவை. அவற்றினூடே காற்றைத் திணிக்க ஃபேனுக்கு அழுத்தம் வேண்டும். காற்றின் அடர்த்தி குறையும் அளவுக்கு அந்த அழுத்தமும் குறைகிறது. ஆகவே 240 மி.மீ. ரேடியேட்டர் போதும் என்று கீழே முடிவெடுக்கும் இடத்தில் இங்கே 280 அல்லது 360 பார்ப்பது சரி. ரேடியேட்டரைக் கேபினெட்டின் மேல்தட்டில் மாட்டுங்கள். முன்பக்கம்தான் இடம் என்றால் ரேடியேட்டரின் உச்சி பம்ப்பைவிட உயரத்தில் இருக்கட்டும். உள்ளே இருக்கும் காற்றுக்குமிழி உயரமான இடத்தில் போய் நிற்கும், பம்ப்பே உயரத்தில் இருந்தால் குமிழி அதற்குள் புகுந்து களகளவென்று சத்தம் போட்டு அதன் ஆயுளைக் குறைக்கும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டவர் கூலரின் ஃபேன் மதர்போர்டில் ப்ராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியின் மேலும் கொஞ்சம் காற்றை ஓட்டும். லிக்விட் கூலர் மாட்டினால் அந்தக் காற்று நின்றுபோகும். ஹீட்சிங்க் இல்லாத மலிவு மதர்போர்டில் அந்தப் பகுதி சூடேறி, ப்ராசஸர் குளிர்ச்சியாக இருக்கும்போதே வேகம் குறையும். கூலரை மாற்றியும் பலனில்லை என்று பலர் புலம்புவதற்கு இது ஒரு காரணம்.

அளவு பார்க்காமல் வாங்கி மாட்டிக்கொள்வது அடுத்த பிரச்சினை. மலையில் இருந்துகொண்டு மாற்றி வாங்குவது என்றால் ஒரு நாள் போய்விடும், அதனால் முன்கூட்டியே அளந்துவிடுங்கள். ஏகே400உம் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இயும் 155 மி.மீ. உயரம். ஏகே620 160. நாக்டுவா என்எச்-டி15 165. குறுகிய மலிவு கேபினெட்டுகள் பலவற்றில் 155 முதல் 160 வரைதான் இடம் இருக்கும். கேபினெட்டின் விவரத்தாளில் சிபியு கூலர் உயரம் என்று தனியாகப் போட்டிருப்பார்கள். ரேம் உயரத்தையும் பாருங்கள். விளக்கு எரியும் ரேம் 42 முதல் 45 மி.மீ. வரை நிற்கும், முன்பக்க ஃபேன் அதில் இடிக்கும். ஃபேனைச் சற்று மேலே ஏற்றி மாட்டலாம், ஆனால் அப்போது மொத்த உயரம் கூடிவிடும்.

கூலரை மதர்போர்டில் பொருத்தும் பிராக்கெட் விஷயத்தில் ஏமாறுவதும் சகஜம். இன்டெல் சாக்கெட்டுகளில் எல்ஜிஏ 1200 வரை திருகுத் துளைகளுக்கு இடையே 75 மி.மீ.; எல்ஜிஏ 1700இல் அது 78 ஆகி, சிப்பின் உயரமும் சற்று இறங்கிவிட்டது. பழைய பிராக்கெட்டை இழுத்துப் பொருத்தினால் திருகு ஏறியதுபோல் தோன்றும், அடித்தட்டு சிப்பில் சரியாக அமராது. புதிய எல்ஜிஏ 1851க்கு 1700 பிராக்கெட்டே பொருந்தும். ஏஎம்டியில் ஏஎம்4 சாக்கெட்டின் துளைகளே ஏஎம்5க்கும். ஆனால் ஏஎம்5 போர்டின் பின்தட்டைக் கழற்ற முடியாது. சொந்தப் பின்தட்டோடு வரும் பழைய கூலர்கள் அதில் ஏறாது.

இனி பூட்டும் வேலை. இங்கே குளிர் நேரடியாக விளையாடும். டிசம்பர், ஜனவரி காலைகளில், சிப்புக்கும் கூலருக்கும் இடையே தடவும் தெர்மல் பேஸ்ட் இறுகிக் கிடக்கும். அழுத்தினால் வராது, வந்தால் கட்டியாக விழும், கூலரின் அழுத்தத்திலும் சீராகப் பரவாது. டியூபைப் பத்து நிமிடம் உள்ளங்கையிலோ சட்டைப் பையிலோ வைத்திருந்துவிட்டு எடுங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பில் ஆல்கஹால் தொட்ட நூல் பிரியாத துணியால் துடையுங்கள். எல்ஜிஏ 1700 சிப் நீளமானது என்பதால் நடுவில் பட்டாணி அளவு ஒன்று, நான்கு மூலைக்கும் சற்று உள்ளே தள்ளி மிளகில் பாதி அளவு ஒவ்வொன்று. ஏஎம்4க்கு நடுவில் ஒரு பட்டாணி போதும். அடித்தட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டோமா என்று ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள். உரிக்காமல் பூட்டிய கணினி போட்ட வேகத்தில் 90ஐத் தாண்டும். திருகுகளை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு இரண்டு சுற்றாக ஏற்ற வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பேஸ்ட் ஓரமாக ஒதுங்கிவிடும்.

ஏஎம்4 வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அதில் ஊசிகள் ப்ராசஸரின் அடியில் இருக்கின்றன. குளிர்ந்த கணினியில் கூலரை நேராக மேலே இழுத்தால், இறுகிய பேஸ்ட் ப்ராசஸரையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். ஊசி வளைந்தால் சிப்பே போயிற்று. கழற்றும் முன் கணினியைப் பதினைந்து நிமிடம் கனமான வேலையில் ஓடவிடுங்கள். பிறகு அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, திருகுகளைத் தளர்த்தி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிவிட்டுத் தூக்குங்கள். ஊட்டியில் இதைத் தவிர்க்கவே கூடாது.

கீழே பூட்டிய கணினியை மேலே கொண்டுவருவதிலும் ஆபத்து உண்டு. என்எச்-டி15 ஃபேன்களோடு சேர்த்து 1,320 கிராம். அவ்வளவு எடை, நிமிர்த்தி வைத்த மதர்போர்டில் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு மலைப்பாதையில் குலுங்கி வருகிறது. கல்லட்டிப் பாதையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள். கேபினெட்டைப் படுக்க வைத்து, மதர்போர்டு கீழேயும் கூலர் செங்குத்தாகவும் இருக்குமாறு எடுத்து வாருங்கள். ஒரு கிலோவைத் தாண்டும் கூலர் என்றால் தனியே கழற்றிக் கொண்டுவந்து மேலே பூட்டுவதே நல்லது. வந்து சேர்ந்ததும் திருகுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு இயக்குங்கள்.

ஈரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நீலகிரியில் கணினிக்கு வெப்பத்தைவிடப் பெரிய எதிரி அதுதான். சாதாரண ஏர் கூலரோ லிக்விட் கூலரோ அறை வெப்பத்துக்குக் கீழே எதையும் குளிர்விக்காது. எனவே கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் கோர்க்காது. ஓடாமல் கிடக்கும்போதுதான் கோர்க்கும். இரவெல்லாம் 10 டிகிரியில் கிடந்த இரும்பும் அலுமினியமும் காலையில் உடனே சூடாகாது. அந்த நேரத்தில் மூடிய அறையில் வெந்நீர் கொதிக்கிறது, அல்லது கேஸ் ஹீட்டர் எரிகிறது. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் சுமார் ஒன்றரை கிலோ நீராவி வெளிவரும். அந்த ஆவி குளிர்ந்த உலோகத்தில் துளியாகப் படியும். ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் வியர்த்திருந்தால் கேபினெட்டின் பக்கத்தகட்டைத் தொட்டுப் பாருங்கள். அதிலும் ஈரம் தெரிந்தால் ஜன்னலைச் சற்றுத் திறந்துவிட்டு, தகடு காய்ந்த பிறகு இயக்குங்கள். அதைவிடச் சுலபமானது, ஹீட்டரைப் பற்றவைக்கும் முன்பே கணினியைப் போட்டுவிடுவது. உலோகம் சூடாகிவிட்டால் ஆவி படியாது. குளிரில் வண்டியில் வந்த கணினியை அட்டைப்பெட்டியைத் திறக்காமலே இரண்டு மணி நேரம் அறையில் வைத்திருந்துவிட்டு எடுங்கள். தென்மேற்குப் பருவத்தில் தேவாலா, பந்தலூர் பக்கமும், ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் உள்ளவர்கள் நிக்கல் பூசிய அடித்தட்டும் ஹீட்பைப்பும் உள்ள கூலரையே தேர்ந்தெடுங்கள். பூச்சில்லாத செம்பு பச்சை பிடிக்கும், பூச்சில்லாத அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். மின்சாரத்தால் அறை வெப்பத்துக்கும் கீழே குளிர்விக்கும் பெல்டியர் வகைக் கூலர்கள் இந்த மலைக்கு அறவே வேண்டாம். அவை ஓடும்போதே தண்ணீர் கோர்க்கக்கூடியவை.

குளிர் காலையில் "சிபியு ஃபேன் எரர்" என்று திரையில் வந்து கணினி நின்றுவிடுவதும் இங்கே வழக்கமான புகார். பல ஃபேன்களின் பேரிங்கில் உள்ள எண்ணெய் குளிரில் கெட்டியாகும். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயோஸில் குறைந்தபட்ச வேகம் 20 சதவீதம் என்று வைத்திருந்தால் அந்த மின்சாரத்தில் ஃபேன் கிளம்பாது, அல்லது மெதுவாகக் கிளம்பும். குறைந்தபட்சத்தை 35 சதவீதமாக உயர்த்துங்கள். எச்சரிக்கை தரும் வரம்பு 600 சுற்று என்றிருந்தால் 200 அல்லது 300க்கு இறக்குங்கள். ஃபேன் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கும் முன் இதைச் செய்து பார்க்கலாம்.

இப்போது ஓவர்கிளாக்கிங். எல்லாச் சிப்பிலும் எல்லா போர்டிலும் இது முடியாது. இன்டெல்லில் கே என்று முடியும் சிப்பும் இசட் வரிசை போர்டும் வேண்டும். ஏஎம்டியில் பி, எக்ஸ் வரிசை போர்டுகள் போதும். ஏ320, ஏ520, ஏ620 போர்டுகளில் ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்ய முடியாது. முடிகிறவர்களும் ஒரு கணக்கைப் பார்த்துவிட்டுத் தொடங்கட்டும். ப்ராசஸரின் மின்செலவு வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு அதன் வர்க்கமாகவும் ஏறும். 4.5 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட்டில் 120 வாட் எடுக்கும் சிப்பை 4.8க்கு ஏற்ற 1.32 வோல்ட் தேவைப்பட்டால், வேகம் 7 சதவீதம்கூட ஏறாது. மின்செலவு 29 சதவீதம் ஏறி 155 வாட்டைத் தொடும். குளிரால் கிடைத்த அந்தப் பன்னிரண்டு டிகிரி இதிலேயே கரைந்துவிடும்.

ஆகவே இந்த மலையில் நான் பரிந்துரைப்பது எதிர்த்திசை: வோல்டேஜைக் குறைப்பது. ரைசனில் பயோஸுக்குள் பிபிஓ என்ற பகுதியில், வோல்டேஜைப் படிப்படியாகக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசர் இருக்கும். எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10இல் தொடங்குங்கள். ஒரு படி என்பது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். நிலையாக ஓடினால் ஐந்து ஐந்தாக இறக்கிப் பாருங்கள். வெப்பம் குறைவதோடு, அந்த இடைவெளியில் சிப் தானாகவே கொஞ்சம் வேகமும் எடுத்துக்கொள்ளும். இதில் கோளாறு பெரும்பாலும் முழுச் சுமையில் வராது. சும்மா இருக்கும்போதோ பிரவுசர் திறக்கும்போதோ திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும், ஏனெனில் அப்போதுதான் ஓரிரு கோர் மட்டும் உச்ச வேகத்துக்குத் தாவுகிறது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வீயா (WHEA) என்ற பெயரில் வன்பொருள் பிழை பதிவாகியிருந்தால் ஐந்து படி பின்வாங்குங்கள். இன்டெல்லில் பயோஸில் பவர் லிமிட் (நீடித்த, குறுகிய நேர மின்வரம்பு) இரண்டையும் 125 வாட்டில் கட்டிவிட்டால் 13600கே மாதிரிச் சிப்பில் கேமிலோ அலுவலக வேலையிலோ வித்தியாசம் தெரியாது, சத்தம் மட்டும் அடங்கும்.

எதையும் தொடும் முன் பயோஸைப் புதுப்பித்துவிடுங்கள். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறிச் சிப் மெல்ல பழுதாகும் சிக்கலை 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பயோஸ் வழியாக வரும் மைக்ரோகோடு (சிப்பின் உள் நிரல்) திருத்தங்களை வெளியிட்டது. பாதிப்புக்குள்ளாகும், பெட்டியில் தனியாக விற்கும் சிப்புகளுக்கு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. பழைய பயோஸோடு அந்தச் சிப்பை ஓவர்கிளாக் செய்வது தெரிந்தே கிணற்றில் விழுவது. ஏஎம்5இலும் 2023இல் எக்ஸ்3டி சிப்புகள் சில கருகிய பிறகு, சிப்பில் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜுக்கு 1.30 வோல்ட் என்று பயோஸில் உச்சவரம்பு வந்தது. ரேமின் வேகத்தை ஏற்றும் எக்ஸ்போ அமைப்பைப் போடுபவர்கள் அந்த எண்ணை ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

சோதிக்கும்போது வெப்பமானியில் அறை வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் சிப்பின் வெப்பத்தைப் பார்த்தபடி, முழுச் சுமை தரும் சினிபெஞ்ச் மென்பொருளை அரைமணி நேரம் ஓட்டி, சிப்பின் வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழியுங்கள். அந்த மிச்சம்தான் உங்கள் கூலரின் உண்மையான மதிப்பெண். ஜனவரியில் 10 டிகிரி அறையில் சிப் 78 காட்டினால் மிச்சம் 68. பார்க்கச் சுகமாகத்தான் இருக்கும். ஏப்ரலில் அறை 24 ஆகும்போது அதே கணினி 92இல் நிற்கும். அதை மகன் கோவை விடுதிக்கு எடுத்துப்போனால் அடர்ந்த காற்றால் மிச்சம் 63க்கு இறங்கும், ஆனால் மே மாதத்து 36 டிகிரி அறையில் கூட்டுத்தொகை 99. இன்டெல்லின் எல்லை 100, ரைசனில் பல சிப்புகளுக்கு 95, 7800எக்ஸ்3டிக்கு 89. எல்லையைத் தொட்டதும் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஓவர்கிளாக் செய்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும். எனவே மேலே இருக்கும்போது மிச்சம் 55க்கு மேல் போகாதபடி அமைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவது நமக்குப் பழகிய ஒன்று. யூபிஎஸ் இல்லாமல் ஓவர்கிளாக் சோதனையில் இறங்க வேண்டாம்; சோதனையின் நடுவில் மின்சாரம் போனால் விண்டோஸ் கோப்புகள் கெடலாம், பயோஸ் புதுப்பிக்கும்போது போனால் மதர்போர்டே எழாமல் போகலாம். கடைகளில் பரவலாக விற்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 180 வாட் ப்ராசஸர், 170 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 3060, மற்றவை 50 வாட் என்று சேர்ந்தாலே அது 400ஐத் தொட்டு, மின்சாரம் போன நொடியில் யூபிஎஸ்ஸும் அணைந்துவிடும். அப்படிப்பட்ட கணினிக்கு 1,000 விஏவாவது வேண்டும்.

தேயிலை ஆலை அலுவலகங்களில் உள்ள கணினிகளுக்கு இரண்டே வரி. பறக்கும் தேயிலைத் தூசும் மெல்லிய நாரும் கூலரின் தகடுகளுக்கிடையே பாய் விரித்ததுபோல் படிந்துவிடும். மாதம் ஒருமுறை ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயரால் ஊதிவிட வேண்டும், பிடிக்காமல் ஊதினால் இறக்கை தறிகெட்டுச் சுற்றி பேரிங் போகும். விறகு, கரி அடுப்புப் புகை படியும் வீடுகளுக்கும் இதே வேலைதான், அங்கே பிசுபிசுப்பு இருப்பதால் தகட்டைத் தூரிகையால் துடைக்கவும் வேண்டும்.

விற்பனையாளர்களிடமும் அரசு அலுவலகங்களிடமும் சில கோரிக்கைகள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உள்ள பள்ளி, அலுவலகங்களுக்குக் கணினி கொள்முதல் செய்யும் ஒப்பந்தப்புள்ளியில், 2,200 மீட்டர் உயரத்தில் முழுச் சுமையில் ஒரு மணி நேரம் வேகம் குறையாமல் ஓட வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம். கடைக்காரர்கள் ரசீதில் வெறுமனே "கூலர்" என்று எழுதாமல் மாடல் பெயர், உயரம், எந்த சாக்கெட் பிராக்கெட் மாட்டப்பட்டது ஆகியவற்றை எழுதித் தர வேண்டும். பெட்டியில் மிச்சமிருக்கும் மற்ற பிராக்கெட்டுகளையும் திருகுகளையும் கடையிலேயே வைத்துக்கொள்ளாமல் வாங்கியவரிடம் கொடுத்துவிடுங்கள். நான்கு வருடம் கழித்து மதர்போர்டை மாற்றும்போது, அந்தச் சின்னப் பொட்டலம் இல்லாததால் நல்ல கூலரைத் தூக்கிப்போட வேண்டிய நிலை வருகிறது.

இப்படிக்கு,
கணினி பழுது பார்ப்பவர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.